பறம்பிலிருந்து இறங்கிய கதை

பாரியின் கதைக்கு வயது சுமார் இரண்டாயிரம். அதை முதலில் சொன்னவர் கபிலர். ஆனால் அவர் தொடக்கம் முதல் முடிவுவரை உட்கார்ந்து விவரித்தவர் அல்ல. மலையை வளைத்து நின்ற மூவேந்தரைப் பார்த்து ஒரு பாட்டு, நண்பன் போன பிறகு அதே மலையைத் திரும்பிப் பார்த்து ஒரு பாட்டு, அவன் பெற்ற பெண்களை அழைத்துக்கொண்டு நடக்கும்போது வழியில் ஒரு பாட்டு என்று அந்தந்த நேரத்தில் வாய்விட்டுச் சொன்னவை அவை. புறநானூற்றில் 105 முதல் 120 வரை அந்தப் பாட்டுகள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் 112ஆவது மட்டும் கபிலருடையதல்ல; பாரியின் பெண்கள் பாடியது.

அந்தப் பதினாறு பாட்டுகளிலிருந்து கிளம்பிய கதை ஓலையில் இருந்தது, கல்லில் ஏறியது, அச்சுக்கு வந்தது, வார இதழில் தொடராக வந்தது. இப்போது திரைப்படமாக வரவிருக்கிறது. சு.வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ நாவலைப் படமாக்கும் உரிமை இயக்குநர் ஷங்கரிடம் இருக்கிறது. மூன்று பாகங்களுக்குத் திரைக்கதை எழுதி வைத்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் படம் இது. எதற்காக என்று சொல்ல வேண்டுமானால், இந்தக் கதை வந்த வழியைக் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும்.

பாரி பேரரசன் அல்லன். பறம்பு மலையையும் அதைச் சுற்றிய முந்நூறு ஊர்களையும் உடைய ஒரு வேளிர் தலைவன். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் பறம்பு என்று அடையாளம் காண்கிறார்கள். அந்த மலைமேல் சேர, சோழ, பாண்டியர் மூவருக்கும் கண் விழுந்தது. மூவரும் சேர்ந்து வந்து முற்றுகையிட்டார்கள். அப்போது கபிலர் அவர்களிடம் சொன்னது ஒரு போர்முழக்கமாக இல்லை. உழாமலே எங்களுக்கு நான்கு பொருள் விளைகிறது என்று எண்ணிச் சொல்கிறார்: மூங்கிலில் நெல், பலாவில் சுளை, மண்ணுக்கடியில் வள்ளிக்கிழங்கு, பாறையில் தேன். ஆகவே நீங்கள் எத்தனை நாள் சுற்றி நின்றாலும் எங்களைப் பட்டினி போட முடியாது. யானையும் தேரும் கொண்டு இந்த மலையைப் பிடிக்கவும் முடியாது. யாழை எடுத்துக்கொண்டு, உங்கள் விறலியர் பின்னே ஆடி வர, பாடிக்கொண்டு வாருங்கள். நாட்டையும் மலையையும் அவனே கொடுத்துவிடுவான். இன்னொரு பாட்டில், முந்நூறு ஊரையும் ஏற்கனவே இரவலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனி மிச்சம் இருப்பது பாரியும் நானும் இந்த மலையும்தான், வேண்டுமானால் பாடி வந்து எங்களைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்.

முற்றுகை நீண்டது. வளர்த்துப் பழக்கிய பறவைகளை வெளியே விட்டுக் கதிர் கொண்டுவரச் செய்து உள்ளிருந்தவர்கள் பசியாறினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. கடைசியில் பாரி வீழ்ந்தான். எப்படி வீழ்ந்தான் என்று கபிலர் பாட்டில் விவரம் கிடையாது. பின்னால் வந்த ஒவ்வொரு கதைசொல்லியும் தன் கற்பனையை அந்த இடத்தில்தான் வைத்தார். ஆனால் கபிலர் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. அவருடைய மிகப் பெரிய பாட்டுகள் அதற்குப் பிறகுதான் பிறக்கின்றன.

அவற்றில் ஒன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும். புறநானூற்றில் 116ஆவது. மலையை இழந்த பெண்கள் இருவரும் இப்போது ஏதோ ஒரு சிற்றூரில் சின்ன வீடொன்றில் இருக்கிறார்கள். பக்கத்தில் பீர்க்கும் சுரையும் படர்ந்து கிடக்கின்றன. ஈச்சிலைக் குப்பை மேடு ஒன்று. அந்தக் குப்பைமேட்டில் ஏறி நின்று, சாலையில் போகும் உமணர்களின் உப்பு வண்டிகளை அவர்கள் எண்ணுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று. இதே பெண்கள்தான் சில காலம் முன்பு தந்தையின் உயர்ந்த மலையில் ஏறி நின்று, முற்றுகையிட வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு மாறவில்லை, நிற்கும் இடமும் எண்ணும் பொருளும் மாறிவிட்டன. பார்த்துக்கொண்டிருக்கும் கபிலருக்குத் தாங்க முடியவில்லை. என் வாழ்நாள் முடிந்து போகட்டும் என்கிறார்.

ஒரு வசனம்கூட வேண்டாத காட்சி இது. இரண்டு பெண்கள், ஒரு குப்பைமேடு, தூரத்தில் வண்டிகளின் வரிசை. இதைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

அதன் பின் கபிலர் அந்தப் பெண்களுக்கு வாழ்வு தேடி அலைகிறார். விச்சிக்கோன் என்ற சிற்றரசனிடம் போய், முல்லைக்கொடி படரத் தேரையே கொடுத்தவனின் மக்கள் இவர்கள், ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். இருங்கோவேளிடமும் கேட்கிறார். அவன் மறுக்க, அவன் குலத்தின் பழைய ஊர் அழிந்த கதையை நினைவூட்டிச் சினந்து பேசுகிறார். சேரன் செல்வக்கடுங்கோவின் அவைக்குப் போனவர், அங்கேயும் பாரியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அதற்குச் சாட்சி. கடைசியில் பாரியை நோக்கி, மறுமையிலும் உன்னோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று ஒரு பாட்டைப் பாடிவிட்டு வடக்கிருந்து உயிர் துறந்தார்.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குப் பாட்டுகள் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் யாரோ ஒரு பழைய கை இரண்டு வரி குறிப்பு எழுதி வைத்திருக்கிறது: திணை, துறை, யாரை யார் எப்போது பாடினார். பாரி இறந்த பின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைக்க அழைத்துப் போகும்போது பறம்பிடம் விடைபெற்றுப் பாடியது என்று ஒரு குறிப்பு சொல்கிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டு யாரோ ஒருவர் ஒரு மலையைப் பார்த்து அழுததாகவே நமக்குப் பட்டிருக்கும். பெயர் தெரியாத அந்தத் தொகுப்பாளர்தான் சிதறிய பாட்டுகளைக் கதையாக்கிய முதல் ஆள் என்று நான் நினைக்கிறேன். பழைய உரைகாரர் அடுத்தவர். 266ஆவது பாட்டுவரை கிடைத்திருக்கும் அந்த உரை பாரியின் பாட்டுகளை முழுவதும் தாங்கி நிற்கிறது.

பல நூற்றாண்டு கழித்து இதே கதை கல்லில் தென்படுகிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராச சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே உள்ள பாறையில் தீப்புகுந்தார் என்கிறது அது. வடக்கிருந்தார் என்பது இங்கே தீப்புகுந்தார் என்று மாறிவிட்டது. அதே கல்வெட்டு, மலையமான் குலத்துப் பெண்ணும் ராசராசனின் தாயுமான வானவன் மாதேவியையும் பேசுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்று நாம் கொண்டாடும் அருள்மொழிவர்மனின் தாய்வழிக் குலம், பாரி மகளை ஏற்ற குலம் தாங்கள் என்று பெருமைப்பட்டிருக்கிறது.

அந்தப் பெண்களுக்குப் பெயர் வந்தது அதற்கும் வெகு பின்னால். சங்கப் பாட்டில் அவர்கள் ‘பாரி மகளிர்’ மட்டுமே. அங்கவை, சங்கவை என்பவை பிற்காலத்து ஔவையார் கதைகளில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள். அந்தக் கதைகளில் கபிலரின் இடத்தில் ஔவை நின்று அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள். ஊர் ஒரு கதையை விரும்பினால் அதற்கு ஒரு பாட்டியைக் கொடுத்துவிடும். எனக்கு அதில் குறையில்லை. பாட்டுகள் ஓலையில் பூட்டிக் கிடந்த காலத்தில் பாரியின் பெயரை வாய்வழியாகக் காப்பாற்றியது அந்தக் கதைகள்தான்.

1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். ஏடு ஏடாகத் தேடி, பாடம் ஒப்பிட்டு அவர் பட்டபாடு எல்லோரும் அறிந்தது. அந்த ஒரு பதிப்பால் பாரி மீண்டும் கபிலர் வாயிலாகவே நம்மிடம் பேசத் தொடங்கினான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் முல்லைக்குத் தேர் கொடுத்தவன் ஆனான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆனான். ஆனால் பாடப்புத்தகம் தேரோடு நின்றுவிடும். உப்பு வண்டி எண்ணிய பெண்களை அது சொன்னதில்லை.

சினிமா இந்தக் கதையைத் தொட்டது இது முதல் முறையல்ல. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. கே.பி.சுந்தராம்பாள் ஔவையாக நடித்த அந்தப் படத்தில் பாரியும் உண்டு. பிறகு 2007. ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் இரண்டு பெண்களின் கறுப்பு நிறத்தை வைத்துத் திரையரங்கைச் சிரிக்க வைக்கப் பயன்பட்டன. சங்கப் பாட்டு படித்த எத்தனையோ பேருக்கு அது வலித்தது. எனக்கும் வலித்தது. அந்தப் படத்தின் இயக்குநர் ஷங்கர்தான். பழைய கணக்கைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கதை இன்று அவர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். அந்தப் பெயர்களுக்கு உரிய மதிப்பைத் திருப்பித் தரும் வாய்ப்பு அவரைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு நேராக அமையாது.

நாவலுக்கு வருவோம். மதுரைக்காரரான சு.வெங்கடேசன் ‘காவல் கோட்டம்’ எழுதி 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அந்த நாவலின் ஒரு பகுதிதான் வசந்தபாலனின் ‘அரவான்’ ஆகி 2012இல் வெளிவந்தது. ஆக, தன் எழுத்து படமாவது அவருக்குப் புதிதல்ல. ‘வேள்பாரி’யை ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை, நூறு வாரங்களுக்கு மேல் எழுதினார். கபிலர் பறம்பு மலை ஏறுவதில் தொடங்குகிறது நாவல். வழிகாட்டி வரும் நீலன் என்ற இளைஞன் துள்ளிக்கொண்டு ஏற, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறார் பெரும்புலவர். செடியையும் பூச்சியையும் பறவையையும் நீலன் அறிந்த அளவுக்கு அவர் அறியவில்லை என்பது போகப்போக அவருக்கே விளங்குகிறது. இந்தத் தொடக்கத்துக்காகவே அந்த நாவல் எனக்குப் பிடிக்கும். பாட்டில் பாரியைப் பற்றி நமக்குச் சொன்னவரையே, நாவல் மாணவனாக்கி மலையேற்றுகிறது. வடக்கு நோக்கியே உட்காரும் தேவவாக்கு விலங்கு, அதைக் கடலோட்டத்துக்காக அடைய நினைக்கும் பேராசை என்று காட்டின் அறிவுக்கும் நாட்டின் ஆசைக்கும் நடக்கும் மோதலாக மூவேந்தர் போரை வெங்கடேசன் மாற்றி எழுதினார்.

தொடருக்குப் படம் வரைந்தவர் மணியம் செல்வன், எல்லோரும் சொல்கிற ‘ம.செ.’. அவர் தந்தை மணியம், 1950இல் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர். தமிழ் வாசகன் தன் இரண்டு பெரிய வரலாற்றுத் தொடர்களின் மனிதர்களை ஒரே குடும்பத்தின் தூரிகை வழியாகப் பார்த்திருக்கிறான். அந்த முகங்களோடு பல ஆண்டு வாழ்ந்தவன் திரையரங்கில் போய் உட்காரும்போது, நடிகர் அந்தக் கோட்டோவியத்தோடும் போட்டி போட வேண்டியிருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கு அது நேர்ந்தது. ‘வேள்பாரி’க்கும் நேரும்.

‘பொன்னியின் செல்வன்’ படத்துக்கு நாம் காத்திருந்த காலத்தையும் நினைத்துப் பார்க்கலாம். எம்.ஜி.ஆர். 1958இல் அதை எடுக்கப்போவதாக அறிவித்தார், கைகூடவில்லை. கமல்ஹாசன் ஆசைப்பட்டார். மணிரத்னம் ஒருமுறைக்கு மேல் முயன்று, கடைசியில் 2022 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பாகத்தையும் 2023 ஏப்ரல் 28ஆம் தேதி இரண்டாம் பாகத்தையும் கொண்டுவந்தார். இடைப்பட்ட காலம் வீணாகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு அதை மேடை நாடகமாக்கியபோது அதற்கு எழுத்து வடிவம் தந்தவர் இளங்கோ குமரவேல். பிறகு மணிரத்னம், ஜெயமோகனோடு சேர்ந்து படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு கொண்டார். ஐந்து பாக நாவலில் எதை விட்டால் கதை நிற்கும், எதை விட்டால் சரியும் என்று மேடையிலேயே சோதித்துப் பார்த்த அனுபவம் அது. பெரிய நாவல்கள் படமாவதற்கு முன் இப்படி யாராவது ஒருவர் அவற்றை உடம்பில் சுமந்து பழகியிருக்க வேண்டும்.

‘வேள்பாரி’யைக் கொரோனா ஊரடங்கு நாட்களில் படித்ததாக ஷங்கர் சொல்லியிருக்கிறார். 2024 செப்டம்பரில், நாவலின் முக்கியக் காட்சிகள் அனுமதியின்றி வேறு படங்களில் எடுத்தாளப்படுவதாகக் குற்றம்சாட்டி, காப்புரிமை தன்னிடம் இருப்பதை நினைவுபடுத்தினார். 2025 ஜூலையில் நாவல் ஒரு லட்சம் பிரதிகள் விற்றதற்கு சென்னையில் விழா எடுத்தார்கள், ரஜினிகாந்த் வந்திருந்தார். அந்த மேடையிலும் இது தன் கனவுப் படம் என்றார் ஷங்கர். இரண்டு பெரிய தொகுதிகளாக உள்ள ஒரு தமிழ் நாவலுக்கு ஒரு லட்சம் பேர் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பது படத்தைவிடப் பெரிய செய்தியாக எனக்குப் பட்டது.

மூன்று பாகம் என்பதில் எனக்கு நம்பிக்கையும் உண்டு, கவலையும் உண்டு. போர் இரண்டு பாகத்தைத் தின்றுவிடும் என்பது கவலை. ஆயிரக்கணக்கில் வீரர்கள், யானைகள், கணினியில் உண்டாக்கிய கோட்டைகள் என்று பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிட்டது. பறம்பில் அப்படிப்பட்ட கோட்டை எதற்கு? அங்கே காடுதான் கோட்டை. மேற்கு மலைத்தொடரிலோ கொல்லி, சவ்வாது மலைகளிலோ உண்மையான மழையில், உண்மையான சேற்றில் படம் பிடிக்க வேண்டும். செடி கொடிக்கு வழிகாட்டி வேண்டுமானால் கபிலரே இருக்கிறார்: குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கி வைத்திருக்கிறார். நகரத்துக் காட்சிகளுக்குக் கீழடி அகழாய்வு இருக்கிறது. பிரான்மலை இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில் கிடைத்த செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் அருங்காட்சியகத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. கலை இயக்குநருக்கு முந்தைய தலைமுறைக்கு இல்லாத வசதி இது. சங்க காலம் என்றதும் சோழர் காலத்துக் கற்கோயில் தூண்களை நட்டுவிடும் பழக்கத்தை இந்தப் படமாவது விட வேண்டும்.

இசைக்கும் இங்கே பெரிய வேலை இருக்கிறது. போர்முரசுக்குப் பதில் யாழைக் கொண்டுவாருங்கள் என்று பகையரசர்களைக் கூப்பிட்ட கதை இது. பாணரும் விறலியரும் பின்னணியில் ஆடிவிட்டுப் போகிறவர்களாக இருந்தால் கதையின் முதுகெலும்பே போய்விடும்.

நம்பிக்கை எங்கே என்றால், மூன்றாவது பாகத்தில். போர் முடிந்த பிறகும் கதை இருக்கிறது, அதைச் சொல்ல இடமும் இருக்கிறது என்று யாராவது இயக்குநரிடம் எடுத்துச் சொன்னால் போதும். பறம்பு கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கும் ஒரு முதியவர். கூட இரண்டு பெண்கள். வாசல் வாசலாக மறுப்பு. சேரன் அவையில் பரிசு கேட்காமல் நண்பனின் புகழைப் பேசும் புலவர். குப்பைமேடு, உப்பு வண்டிகள். பெண்ணையாற்றுப் பாறை. நாவலாசிரியர் எழுதியவற்றோடு கபிலர் எழுதியவற்றையும் திரைக்கதைக் குழு மேசையில் வைத்துக்கொள்ளட்டும். பதினாறு பாட்டு, ஒரு மாலை நேரத்தில் படித்துவிடலாம். காத்திருக்கும் ரசிகர்களும் அதைச் செய்யலாம். உரையோடு மலிவுப் பதிப்பில் புறநானூறு எல்லாப் புத்தகக் கண்காட்சிகளிலும் கிடைக்கிறது.

பாரியாக நடிப்பது யார் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்தான். ஆனால் நடிகர் பட்டியல் வெளிவரும் அன்று நான் முதலில் தேடப்போவது கபிலரையும், அந்த இரண்டு பெண்களையும்.